பாக்டீரியாவை வேலை வாங்குவது எப்படி?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘டி.என்.ஏ. தொழில்நுட்பம், மரபுப் பொறியியல்: அடிப்படைகள்’ என்று அழைப்பிதழில் என் தலைப்பு அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் சொல்லப் புகுந்தால் பாடநூலின் பொருளடக்கம்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறேன். இன்சுலின். இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலர் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருப்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி, 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களின் புட்டியில் இன்று இருப்பது பெரும்பாலும் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்து கொடுத்த மனித இன்சுலின். அல்லது அதைச் சற்றே திருத்திய வடிவம்.

மரபுப் பொறியியல் என்றாலே பத்திரிகைகள் கத்தரிக்கோல் படம் போட்டுவிடுகின்றன. டி.என்.ஏ.வை வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள், புதிய உயிர் பிறக்கிறது என்று செய்தி முடிந்துவிடும். வெட்டுவதும் ஒட்டுவதும் உண்மைதான். ஆனால் அது வேலையில் கால்பங்குகூட இல்லை. ஒட்டியதை அந்த உயிர் படிக்க வேண்டும். படித்தபடி செய்ய வேண்டும். செய்ததைத் தானே சிதைத்துவிடாமல் இருக்க வேண்டும். அதை நாம் பிரித்தெடுக்க வேண்டும். எடுத்தது நோயாளிக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கவும் வேண்டும். பாடநூல்கள் முன்பாதியைப் படம் போட்டு விளக்கிவிட்டுப் பின்பாதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கஷ்டமெல்லாம் அந்தப் பின்பாதியில்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் பழைய இன்சுலின். 1921-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில், கணையச் சாறு ரத்தச் சர்க்கரையை இறக்குகிறது என்று கண்டார்கள். 1922 ஜனவரி 11 அன்று, நோய் முற்றிப்போன 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சாற்றைப் போட்டார்கள். சரிப்படவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அதை மேலும் சுத்தம் செய்துகொடுத்தார். 23-ஆம் தேதி மறுபடி போட்டபோது பையன் தேறினான். மருத்துவ வரலாற்றில் இந்த முதல் ஊசியைப் பற்றித்தான் அதிகம் எழுதுவார்கள். இரண்டு ஊசிகளுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாட்களில் காலிப் செய்த வேலைதான் என் போன்ற உயிர்வேதியியல்காரனுக்கு முக்கியம். காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு வெறும் ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த அறுபது ஆண்டுகள் உலகம் இறைச்சிக்கூடங்களை நம்பியிருந்தது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களை உறைய வைத்து, ஆலைக்குக் கொண்டுபோய், அரைத்து, அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துப் பிழிந்தெடுத்தார்கள். கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான தூய இன்சுலினுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கணையம் தேவைப்பட்டது. பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். மாட்டு இன்சுலினுக்கு மூன்று. பெரும்பாலோருக்கு அது போதுமானதாக இருந்தது. சிலருக்கு ஒவ்வாமை வந்தது. 1970-களில் வேறொரு கவலை தலைதூக்கியது. இறைச்சிக்காக எத்தனை பன்றி வெட்டுகிறார்களோ அத்தனை கணையம்தான் கிடைக்கும். நோயாளிகளின் எண்ணிக்கையோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டிருந்தது.

இன்சுலின் ஒரு புரதம். புரதத்தில் அமினோ அமிலங்களுக்குத் திட்டமான வரிசை உண்டு என்பதையே இந்த இன்சுலினை வைத்துத்தான் நிறுவினார்கள். கேம்பிரிட்ஜில் பிரடெரிக் சாங்கர் பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1955 வாக்கில் அதன் முழு அமைப்பையும் கண்டுபிடித்து முடித்தார். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 கொண்ட ஏ சங்கிலி, 30 கொண்ட பி சங்கிலி. இரண்டையும் கந்தக அணுக்களாலான இரண்டு பாலங்கள் பிணைக்கின்றன. ஏ சங்கிலிக்குள்ளேயே மூன்றாவது பாலம் ஒன்று உண்டு. இந்தப் பாலங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம்மைப் படுத்தப்போகின்றன.

அந்த 51 அமினோ அமிலங்களின் வரிசைக்கான குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. மேனிலைப் பள்ளியில் உயிரியல் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். டி.என்.ஏ. இரட்டை இழை. ஒவ்வோர் இழையும் நான்கே எழுத்துகளால் ஆனது: ஏ, டி, ஜி, சி. ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரில் டி. ஜி இருந்தால் எதிரில் சி. ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்ப் படம் கைக்கு வந்த பிறகு, 1953-இல் வாட்சனும் கிரிக்கும் சொன்ன அமைப்பு இது. மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஓர் அமினோ அமிலம். நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 64 வரும். அவற்றில் 61 அமினோ அமிலங்களுக்கு, மூன்று ‘இங்கே நிறுத்து’ என்பதற்கு. மனித டி.என்.ஏ.வின் ஒரு தொகுதியில் இப்படி ஏறத்தாழ 300 கோடி எழுத்து இணைகள். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் 46 லட்சம். இரண்டிலும் எழுத்தும் ஒன்று, அகராதியும் ஒன்று. இந்த ஒற்றுமை மட்டும் இல்லாவிட்டால் இன்றைய சொற்பொழிவே கிடையாது.

இன்சுலினுக்கான மரபணு நம் 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. உடலின் ஏறக்குறைய எந்தச் செல்லை எடுத்தாலும் அது இருக்கும். தோலில் இருக்கிறது, ஈரலில் இருக்கிறது. ஆனால் கணையத்தின் பீட்டா செல்கள் மட்டும்தான் அதைப் படித்து இன்சுலினாக்கிச் சுரக்கின்றன. மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. என் முழுப் பேச்சும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

இனி வெட்டும் கருவி. 1960-களில் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பர், சில வைரஸ்கள் ஒருவகைப் பாக்டீரியாவைத் தாக்கும்போது செத்துப்போவதையும் இன்னொரு வகையில் பெருகுவதையும் ஆராய்ந்தார். உள்ளே நுழைகிற வைரஸின் டி.என்.ஏ.வைப் பாக்டீரியா ஒரு நொதியால் நறுக்கிவிடுகிறது, தன் டி.என்.ஏ.வில் மட்டும் அடையாளக் குறி போட்டுக் காப்பாற்றிக்கொள்கிறது. 1970-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் ஸ்மித், குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்ட இடத்தில் மட்டும் வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். டேனியல் நேதன்ஸ் அதைக் கொண்டு ஒரு வைரஸின் மரபணு வரைபடத்தைத் தயாரித்தார். மூவருக்கும் 1978-இல் நோபல் பரிசு. மனிதன் கண்டுபிடித்த கருவி என்று இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. நாம் அதை எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். இன்று எல்லோரும் பேசும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியும் அப்படி எடுத்துக்கொண்டதுதான்.

இந்த நொதிகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஈகோ ஆர்-1. ஈ.கோலையிலிருந்து கிடைத்ததால் அந்தப் பெயர். ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தைத் தேடும். இந்த ஆறெழுத்தில் ஒரு விசேஷம். நம் ஊரில் ‘விகடகவி’யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான், திருஞானசம்பந்தர் இந்த வகையில் மாலைமாற்றுப் பதிகமே பாடியிருக்கிறார். டி.என்.ஏ.வில் மாலைமாற்று ஓர் இழைக்குள் நடப்பதில்லை. எதிர் இழையில் சி-டி-டி-ஏ-ஏ-ஜி இருக்கும். அதை எதிர்த் திசையில் படியுங்கள்: ஜி-ஏ-ஏ-டி-டி-சி. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் நொதிக்கு இரண்டும் ஒரே சொல்லாகத் தெரிகிறது. இரண்டிலும் முதல் ஜி-க்கும் அடுத்த ஏ-க்கும் நடுவே வெட்டுகிறது. வெட்டுகள் நேருக்கு நேர் விழுவதில்லை. ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-டி-டி என்று நான்கெழுத்து இணையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதி வெட்டிய வேறு எந்த டி.என்.ஏ.வின் முனையும் அதனுடன் தானாகவே இணைசேரும். அந்த டி.என்.ஏ. தவளையுடையதா, மனிதனுடையதா, இன்னொரு பாக்டீரியாவுடையதா என்று நொதிக்குத் தெரியாது. பிறகு லைகேஸ் என்ற இன்னொரு நொதி இழையின் முதுகெலும்பை மூடித் தைத்துவிடும்.

எத்தனை இடத்தில் வெட்டும்? ஆறு எழுத்து, ஒவ்வோரிடத்திலும் நான்கு வாய்ப்பு. 4-ஐ ஆறு முறை பெருக்கினால் 4096. சராசரியாக அத்தனை எழுத்துக்கு ஓரிடம். பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் ஒரே ஒரு வெட்டிடம் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், வளையம் ஒரே இடத்தில் திறக்கும். நமக்கு வேண்டியதைச் செருகி மூடலாம். பாக்டீரியாக்கள் குரோமோசோமுக்கு வெளியே இப்படிப்பட்ட வளையங்களை வைத்திருக்கின்றன. மருந்துகளை எதிர்க்கும் திறனைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதும் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான்.

1972 நவம்பரில் ஹவாயில் பிளாஸ்மிட்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு. ஸ்டான்போர்டின் ஸ்டான்லி கோஹனிடம் பிளாஸ்மிட் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் போயரிடம் ஈகோ ஆர்-1 இருந்தது. இரவு ஓர் உணவுக் கடையில் இருவரும் உட்கார்ந்து பேசியபோது உருவான கூட்டு முயற்சி 1973-இல் கட்டுரையாக வந்தது. அதற்கடுத்த ஆண்டு ஆப்பிரிக்கத் தவளையின் டி.என்.ஏ. துண்டு ஒன்று பாக்டீரியாவுக்குள் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்பட்டது. ஸ்டான்போர்டிலேயே பால் பெர்க் 1972-இல் இரு வேறு உயிர்களின் டி.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் இணைத்துக் காட்டியிருந்தார். நோபல் பரிசு அவருக்குத்தான் போனது.

பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றுவது இன்று உங்கள் ஆய்வகத்திலேயே செய்கிற பயிற்சி. ஐஸில் வைத்த கால்சியம் குளோரைடு கரைசலில் பாக்டீரியாவை ஊறவைக்கிறோம். பிளாஸ்மிட்டைச் சேர்த்து அரை மணி நேரம் ஐஸிலேயே விடுகிறோம். பிறகு 42 டிகிரி வெந்நீரில் ஒன்றரை நிமிடம் போலக் குழாயை நிறுத்தி, சட்டென்று மறுபடி ஐஸில். இந்தச் சூட்டு அதிர்ச்சியில் லட்சக்கணக்கான செல்களில் ஏதோ சில பிளாஸ்மிட்டை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிக்கத்தான் பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தை எதிர்க்கும் மரபணுவை வைத்திருக்கிறோம். ஆம்பிசிலின் கலந்த அகார் தட்டில் பரப்பினால் வாங்காதவை செத்துவிடும். வாங்கியவை மறுநாள் காலையில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும்.

இதில் மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடுகிற ஒரு படி உண்டு. ஐஸிலிருந்து எடுத்ததும் தட்டில் பரப்பிவிடக் கூடாது. மருந்து கலக்காத சத்துக் கரைசலில், 37 டிகிரியில், ஒரு மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டியவர்களின் தட்டில் மறுநாள் புள்ளிகள் குறைந்துவிடும். ஏன்? மரபணு உள்ளே போய்விட்டதே? போய்விட்டது, ஆனால் செல் அதைப் படித்து, எதிர்ப்புப் புரதத்தைச் செய்து முடிக்க நேரம் வேண்டும். பல செல்களில் அதற்குள் ஆம்பிசிலின் முந்திக்கொள்கிறது.

1973-இல் இந்த வசதி கைக்கு வந்ததும் பயமும் கூடவே வந்தது. புற்றுநோய் உண்டாக்கும் வைரஸின் மரபணுவைக் குடல் பாக்டீரியாவில் வைத்து, அது வெளியே தப்பினால்? விஞ்ஞானிகளே சில சோதனைகளை நிறுத்திவைக்கும்படி 1974-இல் கேட்டுக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று வகுத்தார்கள். 1976-இல் ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தின் மேயர் ஆல்பிரட் வெலூச்சி, நகர மன்றத்தைக் கூட்டி விஞ்ஞானிகளை நிறுத்திக் கேள்வி கேட்டார்; சில மாதங்களுக்கு அந்த ஆராய்ச்சிக்குத் தடையும் வந்தது. நகரத்தின் சாதாரண மக்களைக் கொண்ட குழு ஒன்று விசாரித்து, நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்றது. மேயரைக் கோமாளியாகக் காட்டும் வழக்கம் அறிவியல் எழுத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் ஊருக்குள் நடப்பதைத் தனக்குப் புரிகிற மொழியில் சொல்லச் சொன்னார். சொல்ல வேண்டியவர்கள்தான் திணறினார்கள்.

மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் செய்யும் போட்டியில் மூன்று குழுக்கள் இருந்தன. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட். சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் ரட்டரும் ஹோவார்ட் குட்மேனும். மூன்றாவதாக, போயரும் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டாளரும் 1976 ஏப்ரலில் தொடங்கிய ஜெனன்டெக். ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கிய கம்பெனி அது.

மனித மரபணுவை அப்படியே வெட்டிப் பாக்டீரியாவுக்குள் வைத்தால் இன்சுலின் வராது. காரணம் ஒன்று: நம் மரபணுவின் நடுவே புரதத்துக்குச் சம்பந்தமில்லாத பகுதிகள் உண்டு. இன்ட்ரான் என்பார்கள், 1977-இல்தான் இது தெரியவந்தது. இன்சுலின் மரபணுவில் இரண்டு இன்ட்ரான். நம் செல் அவற்றை நீக்கிவிட்டுப் படிக்கும். பாக்டீரியாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. காரணம் இரண்டு: ‘இங்கிருந்து படி’ என்று மனிதச் செல்லுக்குச் சொல்லும் அடையாளம் பாக்டீரியாவுக்குப் புரியாது. எழுத்தும் அகராதியும் ஒன்றாக இருந்தும், எங்கே தொடங்குவது என்பதில் இரண்டும் வேறுவேறு.

கில்பர்ட் குழு, மரபணுவைப் படிப்பதற்காகச் செல் எடுத்து, இன்ட்ரானையும் ஏற்கெனவே நீக்கிவிட்ட ஆர்.என்.ஏ. நகலிலிருந்து திரும்ப டி.என்.ஏ. செய்யும் வழியில் போனது. மனித மரபணு என்பதால் மிக உயர்ந்த பாதுகாப்பு வகை ஆய்வகம் வேண்டும் என்பது விதி. 1978 செப்டம்பரில் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், உடையெல்லாம் மாற்றி, கட்டுப்பாடுகளுக்கு நடுவே வேலை செய்து, கடைசியில் பார்த்தால் அவர்கள் கையில் கிடைத்தது எலியின் இன்சுலின் மரபணு. தங்கள் பழைய சோதனைகளின் மிச்சம் எங்கோ கலந்துவிட்டிருந்தது.

ஜெனன்டெக் வேறு வழியில் போனது. மனிதச் செல்லைத் தொடவே இல்லை. சாங்கர் தந்த அமினோ அமில வரிசை கையில் இருக்கிறது. மூன்றெழுத்து அகராதி தெரியும். பிறகென்ன, மரபணுவை வேதியியல் முறையில் எழுத்தெழுத்தாகச் சேர்த்துவிடலாம். இப்படிச் செயற்கையாகச் செய்த டி.என்.ஏ.வை அன்றைய விதிகள் கட்டுப்படுத்தவில்லை. போட்டியில் அவர்கள் முந்தியதற்குத் திறமை எவ்வளவு காரணமோ, இந்தச் சந்தும் அவ்வளவு காரணம்.

செயற்கை மரபணு என்ற எண்ணத்தின் வேர் பஞ்சாபில் இருக்கிறது. ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர் கோபிந்த் குரானா, மரபுக் குறியீட்டை அவிழ்த்ததற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்றவர். 1970-இல் 77 எழுத்து இணை கொண்ட ஈஸ்ட் மரபணு ஒன்றை முழுமையாகச் செய்து காட்டினார். அவரிடம் வேலை பார்த்த சரண் நாரங், பிறகு கனடாவின் ஒட்டாவாவில் இந்த வேதியியலை மேலும் வேகப்படுத்தினார். நாரங்கிடம் பயின்றவர் ஜப்பானியரான கெய்ச்சி இட்டாகுரா. இவர்தான் கலிபோர்னியாவின் டுவார்ட்டேயில் உள்ள சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ நிலையத்தில், ஆர்தர் ரிக்ஸுடன் சேர்ந்து, ஜெனன்டெக்குக்காக இன்சுலின் மரபணுவைக் கட்டினார். ஏ சங்கிலிக்கு 77 எழுத்து இணை, பி சங்கிலிக்கு 104. குரானாவின் மரபணுவும் 77, இதுவும் 77; தற்செயல்தான்.

இன்சுலினுக்கு முன் ஒரு சின்ன ஒத்திகை பார்த்தார்கள். சொமட்டோஸ்டாட்டின் என்ற மூளை ஹார்மோன். 14 அமினோ அமிலம் மட்டும். 1977-இல் அதன் செயற்கை மரபணுவைப் பிளாஸ்மிட்டில் வைத்து, பாக்டீரியாவில் ஏற்றி, உடைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. வெட்டியது சரி, ஒட்டியது சரி, பாக்டீரியா படித்ததும் சரிதான். ஆனால் செய்துமுடித்த சின்னஞ்சிறு புரதத்தைத் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று பாக்டீரியாவின் சிதைக்கும் நொதிகள் உடனுக்குடன் விழுங்கிவிட்டன.

அதற்குக் கண்டுபிடித்த உபாயம் நம் நகரப் பேருந்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும்: உள்ளே இடமில்லாதவன் ஓடுகிற பேருந்தின் படிக்கட்டில் தொற்றிக்கொள்வான் அல்லவா? பாக்டீரியா தன் சொந்தத் தேவைக்குச் செய்யும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற பெரிய நொதி இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலம். அதன் மரபணுவின் கடைசியில் ஹார்மோன் மரபணுவைச் சேர்த்துவிட்டார்கள். பெரிய புரதத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பாக்டீரியா தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டது. லாக்டோஸ் போன்ற ஒரு பொருளைக் கரைசலில் விட்டதும் அந்த நொதியின் உற்பத்தி முடுக்கிவிடப்படும். அதனால் எப்போது வேலை தொடங்க வேண்டும் என்பதும் நம் கையில் வந்தது.

இறக்கிவிடுவது எப்படி? இரண்டுக்கும் நடுவே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஒன்று வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற கொடிய நச்சுப் பொருள், புரதத்தில் மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும். பெரிய நொதியில் மெத்தியோனின் பல இடங்களில் உண்டு. அது தூள் தூளாகிவிடும். சொமட்டோஸ்டாட்டினில் மெத்தியோனின் ஒன்றுகூட இல்லை. இன்சுலினின் 51-இலும் ஒன்றுகூட இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு வரும். ஒரே ஒரு மெத்தியோனின் நடுவில் இருந்திருந்தாலும் இந்த வழி அடைபட்டிருக்கும்.

சொமட்டோஸ்டாட்டின் வெற்றியடைந்ததும் இன்சுலின். ஏ சங்கிலிக்கு ஒரு வகைப் பாக்டீரியா, பி சங்கிலிக்கு இன்னொரு வகை. ஆயிரம் அமினோ அமிலம் செய்து அதில் 21-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிற வேலை. எவ்வளவு விரயம் பாருங்கள். பிறகு இரண்டு சங்கிலியையும் ஒரே குழாயில் சேர்த்து, அந்தக் கந்தகப் பாலங்கள் சரியான இடத்தில் விழும்படி செய்ய வேண்டும். தவறான ஜோடிகள் நிறைய விழும். 1978 ஆகஸ்ட் 21 அதிகாலையில், ஜெனன்டெக்கின் இளம் ஆராய்ச்சியாளர் டேவிட் கோடல், சேர்ந்த இன்சுலினைக் கதிரியக்கச் சோதனையில் கண்டார். அதே வாரத்தில் எலை லில்லி கம்பெனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பன்றிக் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்துவந்த பெரிய கம்பெனிகளில் ஒன்றுதான் லில்லி.

1980 ஜூலையில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தன்னார்வலர்களுக்கு முதலில் போட்டுப் பார்த்தார்கள். 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு ‘ஹியூமுலின்’ என்ற பெயரில் அனுமதித்தது. மரபுப் பொறியியல் வழியாக வந்து மருந்துக் கடையை எட்டிய முதல் மருந்து. பன்றி இன்சுலினைவிட அது பிரமாதமாக வேலை செய்ததா என்றால், இல்லை. நன்றாகச் சுத்திகரித்த பன்றி இன்சுலின் நல்ல மருந்துதான். இறைச்சிக்கூடத்தின் கணக்கிலிருந்து விடுதலை கிடைத்ததே முதல் லாபம்.

இரண்டாவது லாபம் பிறகு தெரியவந்தது. எழுத்தெழுத்தாகச் செய்கிற மரபணுவில் எழுத்தை மாற்றலாமே! பி சங்கிலியில் 28, 29-ஆம் இடங்களில் புரோலினும் லைசினும் இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றி வைத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகக் கூடிக்கொள்ளும் பழக்கம் இதனால் தளர்ந்தது. சாப்பிட உட்காரும்போது போட்டாலே போதும் என்கிற அளவுக்கு வேகமாக ரத்தத்தில் கலந்தது. 1996-இல் வந்த லிஸ்ப்ரோ இதுதான். இன்னொன்றில் ஏ சங்கிலியின் கடைசி அமினோ அமிலத்தை மாற்றி, பி சங்கிலியின் வாலில் இரண்டு ஆர்ஜினினைக் கூட்டினார்கள். அது தோலுக்கடியில் படிந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது கிளார்ஜின். பன்றியிடம் இதையெல்லாம் கேட்டுப் பெற முடியாது.

சங்கிலிகளைத் தனித்தனியே செய்யும் முறையைப் பெரிய ஆலைகள் இன்று பின்பற்றுவதில்லை. நம் கணையம் முதலில் இரண்டையும் ஒரு துண்டால் இணைத்து ஒரே புரதமாகச் செய்கிறது. அது மடிந்து, பாலங்கள் சரியாக விழுந்த பிறகு நடுத் துண்டை வெட்டி எறிகிறது. மருத்துவமனையில் ‘சி-பெப்டைடு டெஸ்ட்’ என்று எழுதித் தருகிறார்களே, அந்த நடுத் துண்டைத்தான் அளக்கிறார்கள். ஆலைகளும் இந்த வழிக்கே வந்தன. ஈஸ்ட்டில் செய்தால் அது சரியாக மடித்து வெளியே கரைசலிலேயே விட்டுவிடுகிறது. செல்லை உடைக்கவே வேண்டாம். டென்மார்க்கின் நோவோ அப்படித்தான் செய்கிறது. பெங்களூரின் பயோகான் 2004-இல் இன்னொரு வகை ஈஸ்ட்டில் செய்து கொண்டுவந்தது.

மரபணு மாற்றிய பருத்தி, கத்தரிக்காய் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இருப்பீர்கள். செடிக்குள் மரபணுவை ஏற்ற அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா உதவுகிறது. மற்றபடி நான் சொன்ன கருவிகளேதான். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்ற, பி.டி. கத்தரி என்ற மரபணு மாற்றிய ரகத்தை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே வழக்கு விதை யாருடையது, வயலில் விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்பதைப் பற்றியது. பூட்டிய தொட்டிக்குள் வளரும் பாக்டீரியாவை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்சுலின் நல்லதாக முடிந்ததால் எல்லாமே நல்லது என்ற வாதம் எனக்கு ஒப்பாது.

கடைசியாக விலை. ஆளுக்கு ஒரு டாலருக்குக் கைமாறிய பழைய காப்புரிமையைச் சொன்னேன். கோஹன்-போயர் முறைக்கு 1980 டிசம்பரில் கிடைத்த காப்புரிமை, 1997-இல் காலாவதியாவதற்குள் ஏறத்தாழ 25.5 கோடி டாலர் ஈட்டியது. உரிமத் தொகையைக் கம்பெனிகளுக்குத் தாங்கும்படியாகத்தான் வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் நடந்தது வேறு. அமெரிக்காவில் 1996-இல் ஒரு புட்டி லிஸ்ப்ரோ 21 டாலர். 2017-இல் 275 டாலர். மரபணு மாறவில்லை, பாக்டீரியா மாறவில்லை. செய்கிற செலவு ஏறியதாகவும் யாரும் நிறுவவில்லை. அரசியல் நெருக்கடி வந்த பிறகு 2023-இல் கம்பெனிகள் விலையை இறக்கின. நம் நாட்டில் மனித இன்சுலின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு இன்னொரு சிக்கல் தொடங்குகிறது. திறக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில், மருத்துவர்கள் ஈர மணலில் வைத்த மண்பானையைச் சிபாரிசு செய்கிறார்கள். கென்யாவின் அகதி முகாமில் வேலை செய்யும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, 25-க்கும் 37 டிகிரிக்கும் நடுவே வெப்பம் ஏறி இறங்கும் சூழலில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தார்கள். வீரியம் குறையவில்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். அந்தச் சோதனையில் புதிய மரபணு எதுவும் இல்லை, வெட்டலும் ஒட்டலும் இல்லை. வெப்பமானியும் பொறுமையும் மட்டும்தான். சித்திரை வெயிலில் நம் ஊர் வெப்பம் 37-ஐத் தாண்டி 40-க்கும் மேலே போகிறது. அந்த வெப்பத்தை மாதக் கணக்கில் தாங்குகிற இன்சுலின் இன்னும் கடைக்கு வரவில்லை. உலகில் பல ஆய்வகங்கள் அதற்காக எழுத்துகளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.